டேபிள் அக்காவும் தோசை வரிசையும்

ஒன்று, இரண்டு, மூன்று என்று கையால் எழுத மாட்டேன் என்று மறுத்த ஒரே பெண்மணி இந்தச் சென்னை மாநகரத்தில் டேபிள் அக்காதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வேறு யாராவது இருந்தால் விலாசம் அனுப்புங்கள். நேரில் வந்து பார்த்து, அக்காவுக்கு அடுத்த இடத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அடையாறு சாஸ்திரி நகரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதி. மூன்று மாடி, இருபத்துநாலு கட்டில், ஒரே ஒரு வெந்நீர்க் குளியலறை. நான் ஒரு வார இதழில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த நாலு வருஷமும் அங்கேதான் குடியிருந்தேன். என் கட்டில் எண் இருபத்துநாலு. பக்கத்துக் கட்டில், இருபத்துமூன்று, டேபிள் அக்காவுடையது.

நான் போய்ச் சேர்ந்த முதல் நாள் அக்கா என்னிடம், "ஒரே நிமிஷம்டி, ஒரு டேபிள் போட்டுட்டு வந்துடறேன், சாப்பிடப் போலாம்" என்றாள். நான் மரியாதையாக எழுந்து நின்று, "ஒரு முனையை நான் பிடிச்சுக்கட்டுமா அக்கா?" என்று கேட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

அதில் ஒரு கணித மென்பொருள் இருந்தது. 'டேபிள்' என்று எழுதி, சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சூத்திரம், ஒரு ஆரம்பம், ஒரு முடிவு, எத்தனை எத்தனையாகத் தாண்ட வேண்டும் என்று ஒரு எண் ஆகியவற்றைக் கொடுத்துத் தட்டினால், கண் இமைப்பதற்குள் ஒரு முழுப் பட்டியல் வந்து விழும். பெருங்குடியில் பள்ளிக்கூடங்களுக்குக் கணக்குக் கேள்விகள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அக்காவுக்கு இதுதான் வேலை. வேலை முடிந்து விடுதிக்கு வந்த பிறகும் அதேதான். குளிக்கும் நேரம், துணி காயப்போடும் கொடி, யார் யார் எந்த வாரம் மாடிப்படி பெருக்குவது என எல்லாமே டேபிள்தான். அவளுக்கு அந்தப் பெயர் வந்ததில் யாருக்கும் வருத்தமில்லை, அவள் உட்பட.

விடுதியை நடத்தியவள் அபிராமபுரத்து மாமி. தினம் காலையில் ஆட்டோவில் வந்து இறங்கி, எல்லாரையும் ஒரு சுற்றுத் திட்டிவிட்டுத்தான் காபியே குடிப்பாள். ஒருநாள் பீரோக்களில் ஒட்டுவதற்கு ஒன்று முதல் இருபத்துநாலு வரை எழுதித் தரும்படி அக்காவிடம் ஒரு தடிமனான பேனாவைக் கொடுத்தாள். அக்கா பேனாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்து பட்டியல் போட்டு, முனைக்கடைக்கு நடந்து போய் அச்சடித்துக்கொண்டு வந்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"ஏண்டி, ஒண்ணுலேர்ந்து இருபத்துநாலு வரைக்கும் எழுதறதுக்கு ஒரு கம்ப்யூட்டரா? எங்காத்துல எல்.கே.ஜி. படிக்கிற கொழந்தை எழுதிடுமேடி!"

"எழுதும் மாமி. ஆனா பதினேழை ரெண்டு தடவை எழுதும்."

"நன்னாருக்கே! யாராவது பதினேழை ரெண்டு தடவை எழுதுவாளா?"

அக்கா மாமியின் மேஜைக்குப் பின்னால் பீரோ சாவிகள் தொங்கும் பலகையைக் காட்டினாள். மாமி கைப்பட எழுதிய பலகை. அதில் பதினேழு இரண்டு இருந்தது; பதினெட்டு இல்லை. பதினெட்டாம் கட்டில்காரி ஒரு வருஷமாக அடுத்தவள் சாவியை எடுத்துக்கொண்டு போய் முட்டிக்கொண்டிருந்த ரகசியம் அன்றைக்குத்தான் வெளிவந்தது. அதற்கப்புறம் மாமி அக்காவிடம் பேனாவை நீட்டியதே இல்லை.

வெளியே போனாலும் அக்கா அப்படித்தான். தி.நகரில் ஒரு புடவைக் கடைக்கு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விற்பனையாளர் கையைத் தேய்த்துக்கொண்டு, "என்ன கலர் மேடம் பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"சிவப்புல ஆரம்பிச்சு மெரூன்ல முடியணும். பத்து ஸ்டெப்புல காட்டுங்க."

நான் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அந்த மனிதரோ அசரவில்லை. அலமாரியைப் பார்த்தார், ஒரு நிமிஷம் யோசித்தார், சரியாகப் பத்துப் புடவையை வரிசையாகப் பிரித்துப் போட்டார். அக்கா குனிந்து பார்த்து, "நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல தாவுது" என்றாள். அவரும் குனிந்து பார்த்து, "கரெக்ட் மேடம்" என்று ஒப்புக்கொண்டு ஐந்தாவதை மாற்றினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில் இருந்த மரியாதையை நான் எந்தக் கல்யாண மேடையிலும் பார்த்ததில்லை.

இப்படி எல்லாரையும் வரிசையில் நிறுத்திய அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அது எங்கள் விடுதி முழுக்கத் தெரியும். இணையத்தில் ஒரு பெரிய பட்டியல் இருக்கிறதாம். உலகத்தில் யார் புதிதாக ஓர் எண்வரிசை கண்டுபிடித்து அனுப்பினாலும், சரிபார்த்து, அதற்கு ஒரு நம்பர் கொடுத்து, அனுப்பியவர் பெயரையும் எதிரே போட்டு, என்றென்றைக்கும் வைத்திருப்பார்களாம். அதில் தன் வரிசை ஒன்று ஏற வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை. அது ஏறவே இல்லை.

அனுப்பாமல் இல்லை. தமிழில் எண்களை எழுதினால் எத்தனை எழுத்து வரும் என்று எண்ணி, ஒன்றுக்கு மூன்று, இரண்டுக்கு நாலு, மூன்றுக்கு மூன்று என்று வரிசையாக நூறு வரை போய் அனுப்பினாள். யாரோ ஒரு புண்ணியவான் முன்பே அனுப்பிவிட்டிருந்தான். எங்கள் விடுதி மாடிப்படியை ஒன்றும் இரண்டுமாகத் தாவி எத்தனை விதமாக ஏறலாம் என்று அனுப்பப் பார்த்தாள். அதைப் பல நூறு வருஷங்களுக்கு முன்பே ஆட்கள் எண்ணிவிட்டார்களாம். எங்கள் தெரு வீட்டு எண்களை அனுப்பினாள். 'இதில் கணிதம் எதுவும் இல்லை' என்று பதில் வந்தது. அந்தத் தெருவைப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். "இதுல ஏறினா என்ன அக்கா? விருது கிருது ஏதாவது குடுப்பாங்களா?"

அக்கா ஒரு துப்பட்டாவை உதறினாள். "நாலு வருஷம் பிஎச்.டி. பண்ணேன்டி. ஒரு கட்டுரைக்கு நாப்பது பட்டியல் நான்தான் போட்டுக் குடுத்தேன். கட்டுரையும் வந்துச்சு. முதல் பேர் கைடு, ரெண்டாவது பேர் கைடோட ஃபிரெண்டு. கடைசியில பொடி எழுத்துல, 'கணினி வேலையில் உதவிய மாணவிகளுக்கு நன்றி'ன்னு போட்டிருந்தாங்க."

"மாணவிகளா? இன்னும் யார் யாரு?"

"நான் ஒருத்திதான். அதைக்கூட எண்ணத் தெரியலை."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

"அந்த மாசமே விட்டுட்டு வந்துட்டேன். எங்கயாவது ஓரிடத்துல, நான் போட்ட கணக்குக்கு எதிர்ல என் பேர் இருக்கணும். ஒரே ஒரு வரி போதும். அவ்வளவுதான்டி" என்று சொல்லிவிட்டு, கொடியில் கிளிப்புகளை ஒன்று விட்டு ஒன்றாக மாட்டிக்கொண்டு போனாள்.

இதைக் கேட்டதும் அக்கா ஏதோ சோகச் சித்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மாதம்தான் எங்களுக்கெல்லாம் உப்புமா வாரம் வந்தது.

எங்கள் சமையற்காரி கஸ்தூரிம்மா. ஊரூர் குப்பத்திலிருந்து தினம் விடியற்காலையில் நடந்து வருவாள். கை மணம் பிரமாதம். வாய் அதைவிடக் காரம். தினம் என்ன டிபன் என்று இருபத்துநாலு பேர் இருபத்துநாலு விதமாகக் கேட்டதில் அலுத்துப்போய், அக்காவிடம் ஒரு மாதத்துக்குப் பட்டியல் கேட்டாள். ஆறு வகை டிபன், தொட்டுக்கொள்ள ஐந்து வகை, ஆறைந்து முப்பது. முப்பது நாளும் ஒரு ஜோடி திரும்ப வராது. அக்கா ஒரே வரியில் டேபிள் போட்டு, அச்சடித்து, சமையலறையில் ஒட்டினாள்.

முதல் நாள் இட்லி, சாம்பார். இரண்டாம் நாள் இட்லி, தேங்காய்ச் சட்னி. மூன்றாம் நாள் இட்லி, தக்காளிச் சட்னி. ஐந்தாம் நாள் இட்லிக்கு வத்தக்குழம்பு. ஆறாம் நாள் தோசை வந்தபோது நாங்கள் கைதட்டினோம். பத்தாம் நாள் வரை தோசைதான். பதினாறாம் தேதி உப்புமா ஆரம்பித்தது. பத்தொன்பதாம் தேதி காலையில் கஸ்தூரிம்மா கரண்டியோடு மாடி ஏறி வந்துவிட்டாள்.

"இன்னாமே இது? நாலு நாளா உப்புமா கிண்டிக்கினே கீறேன். நாளிக்கும் உப்புமான்னு போட்டு கீது. தோள்பட்ட கயண்டுக்கும் போலக்கீது!"

"அதுல ரெண்டு கணக்கு இருக்கு கஸ்தூரிம்மா. உள்ள இருக்கறது வேகமா ஓடும், வெளிய இருக்கறது மெதுவா ஓடும். டிபன் வெளிய மாட்டிக்கிச்சு. அடுத்த மாசம் ரெண்டையும் இடம் மாத்திடறேன்."

மாற்றினாள். அடுத்த மாதம் டிபன் தினமும் மாறியது. தொட்டுக்கொள்வது மாறவில்லை. ஆறு நாள் சாம்பார், ஆறு நாள் தேங்காய்ச் சட்னி என்று போய், கடைசி ஆறு நாளும் வத்தக்குழம்பு. பூரிக்கு வத்தக்குழம்பு தொட்டுக்கொண்டு சாப்பிட்டவர்கள் இந்த உலகத்தில் நாங்கள் இருபத்துநாலு பேர்தான். கஸ்தூரிம்மா பட்டியல்படி ஒரு நாள்கூடப் பிசகாமல் சமைத்ததற்குக் காரணம் கடமை உணர்ச்சி இல்லை, கோபம்.

வெந்நீர் விவகாரம் இதற்கெல்லாம் அப்பன். குளியலறையில் ஒரு நாளைக்கு ஆறு பேருக்குத்தான் வெந்நீர் வரும். அக்கா முறைப் பட்டியல் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணை இருபத்துநாலால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டால் முறை தானாகவே சுற்றிச் சுற்றி வரும். இருபத்தைந்து வந்தால் மீதி ஒன்று, முதல் கட்டில். இருபத்தாறு வந்தால் இரண்டாம் கட்டில். அழகான ஏற்பாடு. ஆனால் இருபத்துநாலையே இருபத்துநாலால் வகுத்தால் மீதி பூஜ்யம். ஆகவே நாலு நாளைக்கு ஒருமுறை பட்டியலில் பூஜ்யம் எண் கட்டிலுக்கு வெந்நீர் ஒதுக்கப்பட்டது. இருபத்துநாலாம் கட்டில் பட்டியலில் எங்கேயும் இல்லை. அந்தக் கட்டிலில் நான் இருந்தேன்.

மார்கழி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, பல் கிடுகிடுக்க அக்காவிடம் போய் நின்றேன். அக்கா பட்டியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பட்டியலைப் பார்த்தாள்.

"தப்பு இல்லடி. இருபத்துநாலும் பூஜ்யமும் ஒண்ணுதான்."

"அப்ப நான் பூஜ்யமா அக்கா?"

"இருபத்துநாலால வகுத்தா, ஆமா."

"சரி. அந்தப் பூஜ்யத்தோட வெந்நீரை ஒரு மாசமா யார் குளிச்சாங்க?"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "நான்தான். பூஜ்யம்னா ஆளே இல்லன்னுதானே அர்த்தம்? வெந்நி வீணாப் போவக்கூடாதுன்னு குளிச்சிக்கினு கீறேன்."

மாமி கஸ்தூரிம்மாவைத் திட்ட வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா புதுப் பட்டியலே போட்டுவிட்டாள். எனக்கு என் இடம் கிடைத்தது. இருபத்தைந்தாவதாக ஓர் இடம் சேர்ந்திருந்தது. அதில் கஸ்தூரிம்மாவின் பெயர். "காலங்காத்தால நடந்து வர்றாங்க மாமி. அவங்களைக் கணக்குல சேர்க்காதது என் தப்பு" என்றாள் அக்கா. மாமி திறந்த வாயில் காபியை ஊற்றிக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள்.

இனி தோசைக்கு வருகிறேன்.

எங்கள் சாப்பாட்டு அறையில் சுவரை ஒட்டி நீளமாக ஒரு மேஜை. ஒரு பக்கம்தான் பெஞ்சு. எல்லாரும் வரிசையாகத்தான் உட்கார முடியும். கஸ்தூரிம்மாவிடம் ஒரே ஒரு தோசைக்கல். ஒரு சமயத்தில் ஒரு தோசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். முதல் தோசை இரண்டாவதாக உட்கார்ந்திருந்த அக்காவுக்கு விழுந்தது. அடுத்தது பக்கத்தில் இருந்த எனக்கு வர வேண்டும். வரவில்லை. நாலாவது ஆளுக்குப் போயிற்று. பிறகு முதல் ஆள். அப்புறம்தான் நான், மூன்றாவது.

அக்கா கையில் விள்ளலோடு கேட்டாள். "ஏன் கஸ்தூரிம்மா, எனக்குப் போட்டுட்டு இவளை விட்டுட்டு அங்க போறீங்க?"

"பக்கத்துப் பக்கத்துல அடுத்தடுத்துப் போட்டா அவ தட்ட இவ பாப்பா. அவுளுக்கு மொறுமொறுன்னு கீது, எனுக்கு மெத்துன்னு கீதுன்னு சண்ட வரும். தள்ளித் தள்ளிப் போட்டா எவளுக்கும் தெரியாது. பதினஞ்சு வருசமா அப்டிதான் போட்டுக்கினு கீறேன்."

"மூணு பேர் மட்டும் உக்காந்திருந்தா?"

"போட மாட்டேன். நாலாவது ஆளு வர்ட்டும்னு சொல்லிடுவேன். மூணு பேருக்கு அப்டி போட வய்யே கெடியாது."

அக்கா விள்ளலைத் தட்டில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். கை கழுவவில்லை. கால் மணி நேரத்தில் மடிக்கணினியோடு திரும்பி வந்தாள். பக்கத்துப் பக்கத்தில் அடுத்தடுத்துப் போடாமல் எத்தனை விதமாகப் பரிமாறலாம்? ஒருவர் என்றால் ஒரு வழி. இரண்டு பேர், பூஜ்யம். மூன்று பேர், பூஜ்யம். நாலு பேருக்கு இரண்டே வழி. அதில் ஒன்றுதான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது. ஐந்து பேருக்குப் பதினாலு. ஆறு பேருக்குத் தொண்ணூறு. ஏழு பேருக்கு அறுநூற்று நாற்பத்தாறு.

"கஸ்தூரிம்மா சொன்னது கரெக்ட்டுடி! மூணு பேருக்கு வழியே இல்ல!" என்று அக்கா கூவினாள்.

"அத கண்டுபுடிக்க மெசினு வேற" என்று கஸ்தூரிம்மா கல்லில் எண்ணெய் தடவினாள்.

அக்கா அந்தப் பெரிய பட்டியலில் எண்களைத் தட்டித் தேடினாள். தேடியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருந்தது. யாரோ எப்போதோ சதுரங்கப் பலகையில் காய்களை வைத்து இதே எண்களை எண்ணி, பெயரோடு ஏற்றிவிட்டிருந்தார்கள்.

இந்தத் தடவை அடி கொஞ்சம் பலம். அக்கா மூன்று நாள் மடிக்கணினியைத் திறக்கவில்லை. புதன்கிழமை சலவைக்குப் போடும் துணிகளுக்குக் கையால் பட்டியல் எழுதினாள். மாமி அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "கையால எழுதறாடி! ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதிண்டிருக்கா. எனக்குப் பயமா இருக்கு. அவ அம்மாவுக்கு ஃபோன் பண்ணிடட்டுமா?"

கஸ்தூரிம்மா என்னிடம் விசாரித்தாள். "இன்னா ஆச்சு அந்தப் பொண்ணுக்கு? வத்தக்கொயம்பு ஊத்துனாகூட பேசாம துன்னுட்டுப் போவுது."

நான் எனக்குப் புரிந்தவரை விளக்கினேன். நீங்கள் தோசை போடும் கணக்கை வேறு யாரோ ஏற்கெனவே எண்ணிவிட்டார்கள், அதனால் அக்காவின் பெயர் வராது என்றேன். கஸ்தூரிம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அவங்க ஆளுக்கு எத்தினி தோச போட்டாங்க?"

"ஒண்ணு."

"ஒரு தோசையோட எவ எய்ந்திரிக்கிறா? ஆளுக்கு ரெண்டு போட்டு எண்ணச் சொல்லு!"

நான் மாடிக்கு ஓடினேன். ஆளுக்கு இரண்டு தோசை. பக்கத்தில் இருப்பவளுக்கும் அடுத்தடுத்து விழக் கூடாது, அதே ஆளுக்கும் அடுத்தடுத்து விழக் கூடாது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு மெதுவாக மடிக்கணினியை இழுத்துத் திறந்தாள். முதல் மூன்று எண்களும் பூஜ்யம். நாலு பேருக்கு இதிலும் இரண்டே வழி. அதற்கப்புறம் எண்கள் எக்கச்சக்கமாக ஏறிக்கொண்டு போயின. தேடினாள். இல்லை. மறுபடி தேடினாள். எங்கேயும் இல்லை.

இப்போது அனுப்பும் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் பாக்கி. பெயர். அக்கா எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த கட்டம். அதில் அவள் முதலில் அடித்தது 'கஸ்தூரி' என்று. அதற்குப் பின்னால்தான் தன் பெயரை அடித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, கணக்குப் போட்டது நீங்க."

"கேள்வி அவங்களோடது."

"அவங்களுக்கு இது என்னன்னே தெரியாதே!"

"எனக்குத் தெரியுமேடி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான ஆங்கிலம். வரிசை புதியது, சுவாரஸ்யமானது. ஒரே ஒரு விளக்கம் தேவை. கஸ்தூரி என்பவர் கணிதத் துறையைச் சேர்ந்தவரா? யோசனை சொல்லி உதவியவர் மட்டும்தான் என்றால், அவருக்குக் குறிப்பில் ஒரு நன்றி சேர்த்தால் போதாதா?

அக்கா அந்தக் கடைசி வரியை இரண்டு முறை வாசித்தாள். எனக்கு அந்த மொட்டைமாடியும் பொடி எழுத்தும் ஞாபகத்துக்கு வந்தன. ஆனாலும் சொல்கிறேன், நான் நல்லவள் இல்லை. "போட்டுடுங்க அக்கா. கஸ்தூரிம்மாவுக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது. உங்க பேர் வரட்டும்" என்றுதான் கெஞ்சினேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. பதில் அடித்தாள். மூன்றே வாக்கியம். கேள்வியைக் கண்டுபிடித்தவர் கஸ்தூரி, அவர் சமையல் கலைஞர். எண்ணியவள் நான். இரண்டு பெயரும் வராது என்றால் வரிசையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

"வேணாம் அக்கா, அனுப்பாதீங்க" என்று நான் கையைப் பிடிப்பதற்குள் அனுப்பிவிட்டாள். அப்புறம் தலை வாரிக்கொண்டு பெருங்குடிக்கு வேலைக்குக் கிளம்பினாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க ஒரு பக்கம்கூட ஒழுங்காகத் திருத்த ஓடவில்லை.

ஒரு வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும் போயிற்று. விடுதியே தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. மாமி தெருமுனைப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுப் பிரதட்சணம் வேண்டிக்கொண்டாள். அக்கா உடனே ஒன்று முதல் நூற்றெட்டு வரை அச்சடித்துக் கொடுத்து, சுற்றுக்கு ஒரு டிக் போடச் சொன்னாள். "நீங்க பதினேழை ரெண்டு தடவை சுத்துவீங்க மாமி." மாமி முறைத்துக்கொண்டே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை நேரத்தில், மின்னஞ்சல் வந்தது. அக்கா மடிக்கணினியைச் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பினாள். வரிசை ஏறியிருந்தது. எதிரே இரண்டு பெயர்.

பெஞ்சில் இருந்தவர்கள் போட்ட சத்தத்தில் கஸ்தூரிம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். "எம் பேரு எங்க கீது?" நான் காட்டினேன். மாவுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அந்த எழுத்துகளை விரலால் தொட்டாள். துடைத்தது போதவில்லை, திரையில் மாவு ஒட்டியது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

"பக்கத்துல இன்னாவோ கீதே, அது யாரு?"

நான் இரண்டாவது பெயரை வாய்விட்டுப் படித்தேன்.

"யாருமே அது? நம்ம ஆஸ்டல்ல அப்டி ஆரும் இல்லியே?"

"நான்தான் கஸ்தூரிம்மா" என்றாள் அக்கா.

"நீயா? அப்ப டேபிளு?"

"அது இவளுங்க வெச்ச பேரு."

கஸ்தூரிம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "இவ்ளோ அயகான பேர வெச்சிக்கினு இத்தினி வருசமா ஏம்மே சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பெஞ்சில் அத்தனை பேரும் அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டோம். பக்கத்துக் கட்டிலில் நாலு வருஷம் படுத்திருந்த நானும், படிவத்தில் அவள் அந்தப் பெயரை அடித்ததைப் பார்க்கும்வரை அது என்னவென்று கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

மறுநாளிலிருந்து நாங்கள் எல்லாரும் திருந்திவிட்டோம். அக்காவை அந்த அழகான பெயரால் கூப்பிட ஆரம்பித்தோம். அதில் ஒரே சிக்கல், அவள் திரும்பவில்லை. மூன்று முறை கூப்பிட்டாலும் யாரையோ என்று நினைத்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடைசியில் நான் பொறுமை இழந்து "டேபிள் அக்கா!" என்று கத்தினேன். "என்னடி?" என்று உடனே திரும்பினாள்.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் போன வாரம் அவளுக்கு ஃபோன் செய்தேன். "அக்கா, இந்தத் தடவை உங்க நிஜப் பேரைப் போட்டே எழுதட்டுமா?"

"வேணாம்டி. அந்தப் பேரு இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. நீ டேபிள்னே எழுது. அப்பதான் நீ கூப்பிடற மாதிரி இருக்கும்."

கூப்பிட்டிருக்கிறேன், அக்கா. ஒரு கட்டுரை முழுக்கக் கூப்பிட்டிருக்கிறேன்.